எக்ஸ் என்பது எத்தனை காசு

அங்கன்வாடி உதவியாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேவை என்றார்கள். நானும் என் ஓரகத்தியும் ஒன்பதோடு நின்றவர்கள். இருவரும் தனித்தேர்வராக விண்ணப்பித்தோம். நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். மீன் விற்றுவிட்டு வந்து, மதியம் அவள் வீட்டில் படிப்போம்.

காசுக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் மொத்தம் இருபது, மதிப்பு அறுபத்து நான்கு ரூபாய், ஒவ்வொன்றும் எத்தனை?

"எக்ஸ்னா எத்தினி ரூவா?" என்று கேட்டேன்.

"ரூவா இல்லக்கா. ரெண்டு ரூவா காசு எத்தினி கீதோ, அதான் எக்ஸு. ரூவா வோணும்னா ரெண்டால பெருக்கிக்க."

"அப்ப அஞ்சு ரூவா காசு?"

"அது ஒய். அஞ்சால பெருக்கு."

எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டும் எட்டும் வந்தன. கூட்டிப் பார்த்தால் சரியாக இருந்தது. அன்றைக்கு வேறு எதுவும் படிக்கவில்லை.

தேர்வு திருப்போரூரில். அவள் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காசுக் கணக்கு வந்திருந்தது: பத்து ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் பதினைந்து. எனக்குப் பத்து ரூபாய்க் காசு ஐந்தும் அதற்கு மேல் கொஞ்சமும் வந்தது. எக்ஸ் என்றால் எத்தனை காசு என்பதுதானே. காசை எப்படித் துண்டு போடுவது? கேள்வியை மறுபடி படித்தேன். மொத்த மதிப்பு நூற்றுப் பத்து ரூபாய் என்றிருந்ததை நூற்று ஒன்று என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டுப் போட்டதில் ஏழும் எட்டும் வந்தன. நிமிர்ந்தபோது அவள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தது. நான் தேறினேன். அவளுக்குக் கணக்கு போய்விட்டது. வடிவியல் கேள்விகளைப் பார்த்ததும் கை ஓடவில்லை, எழுந்து வந்துவிட்டேன் என்றாள். சொல்லிக்கொடுத்தவள் நிற்க, நான் மட்டும் தாண்டியது எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, மூஞ்சிய காட்ட மாட்டியா? எனக்கு வட்டம் வரைய வரல. நீ வந்து குந்து."

போய் உட்கார்ந்தேன். துணைத்தேர்வில் அவள் தேறினாள். இருந்த ஒரு வேலை அதற்குள் எனக்குக் கிடைத்திருந்தது. அவள் அடுத்த ஊரில் விண்ணப்பித்திருக்கிறாள், இன்னும் கூப்பிடவில்லை.