முப்பத்திரண்டாவது அடுப்பு

கட்டித் தரப்போகும் புது வீடுகளுக்கு ஆட்களின் பெயர் எழுதுகிறவன் பகையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வாசலிலும் அது தேத்தண்ணியோடு காத்திருக்கும். நான் பேச்சு வராதவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுத்து எழுதியவன் என்பதால், எங்கள் தோட்டத்து வீட்டுக் கமிட்டி இந்த வேலையை என் தலையில் கட்டியது. கோயில் கமிட்டியிலோ மரண உதவிச் சங்கத்திலோ நீங்களும் நோட்டுப் புத்தகம் தூக்கியிருந்தால், நான் பட்ட பாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடுப்புக்கு ஒரு வீடு

ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான மேல் லயத்தில் இருபது காம்பரா. காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று பதுளைக் கந்தோர் அதிகாரிகளின் காகிதம் சொன்னது. அதை எழுதியவர் ஒரு காம்பராவுக்குள் தலையை நீட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் அப்பா அம்மா, அந்தப் பக்கம் மகனும் மருமகளும் பிள்ளைகளும். கதவை எண்ணினால் பலர் விடுபட்டுப் போவார்கள்.

அதனால் அடுப்பை எண்ணுவோம், தனியாக உலை வைத்தால் தனிக் குடும்பம், அடுப்புக்கு ஒரு வீடு கேட்போம் என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அவ்வளவுதான். எல்லோரும் சம்மதித்தார்கள். கமிட்டித் தலைவர் சாமிக்கண்ணு மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருஷம் கொழுந்த நிறுத்த மனுசன், இனி சாம்பல நிறுக்கப் போறாரு."

மூன்று கல், ஒரு சட்டி

ஆறாம் காம்பராவில் இரண்டு அடுப்பு என்று ஊருக்கே தெரியும். நான் எண்ணப் போன அன்று மூன்று இருந்தது. மூன்றாவது, கட்டில் ஓரமாக மூன்று கல். மேலே பளபளவென்று ஒரு சட்டி. குனிந்து கல்லைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சுவரில் கரி இல்லை. ஒரு கல்லில் ஓடைப் பாசிகூட இன்னும் காயவில்லை. வீட்டுக்காரி செல்லம்மா அசரவில்லை. இளைய மகனுக்குத் தையில் கல்யாணமாம், வரப்போகிற மருமகளின் அடுப்பாம்.

வாசலில் பாதி லயம் கூடியிருந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "எரியாத அடுப்பு எண்ணப்படாது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினேன். அந்தச் சொல்லை எல்லோரும் கேட்டார்கள். செல்லம்மா பின்னாலேயே வந்து சொன்னாள்: "கல்யாணத்துக்கு ஒங்களத்தான் மாமா மொதல்ல கூப்புடுவேன். வந்து அடுப்பத் தொட்டுப் பாத்துட்டுச் சாப்புடுங்க."

பதினாலாம் காம்பரா

இரண்டு நாள் கழித்துப் பொன்னம்மாவின் வாசலுக்கு வந்தேன். அவள் புருஷன் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் லயத்தில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்திலிருந்து சோறு வரும். அவளுக்குப் பதின்மூன்றாம் காம்பராவிலிருந்து, கொழுந்தன் வீட்டுச் சோறு வந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பைச் சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

எனக்குத் தெரியாத வழக்கமா? என் வீட்டுக்காரி போனபோது நானும் பதினாறு நாள் அக்கம்பக்கத்துச் சோறு தின்றவன்தான். ஆனால் வாசலில் செல்லம்மாவும் இன்னும் ஏழு பேரும் நின்றார்கள். இந்த எரியாத அடுப்பை எண்ணுவானா என்று பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் அடுப்பைப் பற்றிக் கேட்கவும் வாய் வரவில்லை. கருமாதி முடிந்ததும் வந்து திருத்திக்கொள்ளலாம் என்று, அவளைக் கொழுந்தன் அடுப்போடு சேர்த்து எழுதினேன். மொத்தம் முப்பத்தொன்று. கருமாதிக்கு நான்கு நாள் முன்பே கந்தோரிலிருந்து ஆள் வந்து, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு பட்டியலைக் கொண்டுபோய்விட்டார்.

முப்பத்தொரு வீட்டுக்கு அனுமதி வந்தது. பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டிய அன்று பொன்னம்மா அதை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. "அவரோட சேத்து என்னையும் எடுத்தாச்சுன்னு எழுதிட்டீங்களாண்ணே?"

ஒன்பது தடவை

அவள் பெயரைச் சேர்க்கப் பதுளைக் கந்தோருக்கு ஒன்பது தடவை போனேன். நான்கு தடவை பெரியவர் வெளியே போயிருந்தார். இரண்டு தடவை கூட்டம். ஒரு தடவை போயா நாள், பௌர்ணமி விடுமுறை. அது என் பிழை, கலண்டரைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். எட்டாம் தடவை கமிட்டிக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஒன்பதாம் தடவை கடிதத்தோடு போனேன்.

அங்கே பட்டியலைப் பார்க்கிற பெண் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளை, என்னை உட்கார வைத்துத்தான் பேசும். கடிதத்தை இரண்டு முறை வாசித்தது. என் கையெழுத்தைத் தேடி எடுத்துக் காட்டியது. அந்தப் பிள்ளைக்கே சொல்லக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "பட்டியல் மூடியாச்சு ஐயா. செத்த ஆக்களின்ர பேரை வெட்டலாம். உயிரோட இருக்கிற ஆளைச் சேர்க்கேலாது."

சாவி

கீழ் மலைச் சரிவில் ஏழு ஏழு பேர்ச்சாக நிலம் பிரித்து முப்பத்தொரு வீடு எழும்பியது. சாவி கொடுத்த அன்று நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. போனவர்கள் லயத்தில் தங்கள் காம்பராத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்; கோழிக்கூட்டுக்கு ஆகும். மாதம் முடிவதற்குள் பத்தொன்பது காம்பராவுக்குக் கூரையில்லை. பதினாலில் மட்டும் புகை.

கொழுந்தன் கெட்டவன் இல்லை. மூன்று தடவை வந்து கூப்பிட்டான். நானும் போய், மழை வரப்போகிறது, இப்போதைக்கு அங்கே போய் இரும்மா என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அங்க போயிட்டா, நான் அவுங்க அடுப்புலதான்னு நீங்க எழுதுனது உண்மையாப் போயிரும்ணே."

இயந்திரம் வந்த நாள்

லயத்தை இடித்து நிரவ மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. மேற்பார்வைக்காரர் கையிலிருந்த காகிதத்தில் இருபது காம்பராவும் காலி. செய்தி கேட்டு நான் மேடேறிப் போவதற்குள் ஒரு கோடியிலிருந்து எட்டுக் காம்பரா தரையாகியிருந்தது. எனக்கு முன்னால் செல்லம்மா ஒரு கட்டு விறகோடு ஏறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தாள்: "பொன்னம்மா, தொட்டுப் பாக்குறவரு வர்றாரு, நல்லா எரிய விடு!"

பொன்னம்மா வெளியே வரவில்லை. உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். காகிதப்படி இங்கே ஆளே இல்லை என்று மேற்பார்வைக்காரர் காகிதத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். கூட்டத்தில் நான் வாய் திறப்பவன் இல்லை. அன்று திறந்தேன். "காகிதம் பிழைங்க. எழுதுனவன் நான்தான்" என்றேன். மேற்பார்வைக்காரர் என்னை விட்டுவிட்டு, இயந்திரக்காரரைப் பார்த்து ஆரம்பி என்று கை காட்டினார்.

இயந்திரக்காரர் வெலிமடைப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். இறங்கி வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "காகிதத்த நீங்க பாருங்க சேர். எரியுற அடுப்பு மேல நான் மெஷின ஏத்த மாட்டேன்."

மேற்பார்வைக்காரர் வேறு வழியில்லாமல் அடுப்பைப் படம் பிடித்துக் கந்தோருக்கு அனுப்பினார். அடுத்த கிழமை அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையே புதுப் படிவத்தோடு மேடேறி வந்தது. அடுத்த பட்டியலில் முதல் பெயர் பொன்னம்மா. நானே எழுதினேன், எழுதியதை அவள் விரல் வைத்துப் பார்த்தாள். வீடு எப்போது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மற்றக் காம்பராக்களையெல்லாம் இடித்துவிட்டார்கள்; பதினாலு மட்டும் தனியாக நிற்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் மேலே பார்த்துப் புகையை எண்ணுகிறேன்: ஒன்று.

முப்பத்தாறு வருடம் நிறுத்ததில் ஒரு கிலோ பிசகாத நான், கண்ணால் கண்டதைக் கண்டபடியே எழுதி முப்பத்திரண்டை முப்பத்தொன்றாக்கினேன் என்பதுதான் இந்த வேலையில் என் கணக்கு.