டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெஸ்ஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பேன். மாதம் இருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் என் வேலைதான்.

ஒருநாள் பாலுக்காக ரப்பர் மரத்தைக் கீறி மரம் வெட்டும் பெண் ஒருத்தி மார்பில் கட்டி என்று கணவனோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். இப்போது உடைந்து நாற்றமெடுத்திருந்தது. டாக்டர் அக்குளையும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். புற்று, அக்குளுக்கும் பரவிவிட்டது என்றார். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுக்கலாம். ஆனால் குணமாகாது, மிஞ்சினால் சில மாதம் கூடக் கிடைக்கும். முடிவை அவர்களே எடுக்கட்டும் என்றார்.

நான் அதை அப்படியே சொல்லவில்லை. புற்று என்றேன். அறுத்தால் நல்லதாகலாம் என்றேன். மற்றதை விழுங்கிவிட்டேன்.

“அறுத்தா மறுபடி மரம் வெட்டப் போலாமாங்க?” என்று கேட்டாள்.

கை முன்போல் தூக்க வராது என்றேன். அப்படியானால் வேண்டாம், மகள் பக்கத்திலேயே கிடக்கிறேன் என்றாள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரே பெண்.

மறுநாள் கணவன் தனியாக வந்தான். “நான் அறுக்கச் சொன்னா அழுவுறாய்யா. நீங்க சொன்னா கேப்பா.”

அவனுக்காகத்தானா, சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னாலேயே முடியவில்லையா, தெரியாது. சாயங்காலம் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். மகளை நினைத்துப் பார் என்றேன். அவள் மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரிதான்.”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ரயிலேறினார்கள். பதினோரு நாள் கழித்து அவன் மட்டும் திரும்பினான். அறுத்த இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டதாம். கடைசி இரண்டு நாளும் மகளையே கேட்டுக்கொண்டிருந்தாளாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தான்.

என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“நீங்க இல்லன்னா ஒண்ணுமே செய்யாம விட்டிருப்போம்யா.”

டாக்டர் சொன்னதை அப்போதாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளுக்கு இருமல் என்று மருந்து கேட்டான். கலக்கிக் கொடுத்தேன்.