தலையைத் தொட்ட கை

பிஜித் தீவின் நாண்டியில், கடலோர விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் என் அப்பா அபெனாயும் உனைசி அத்தையும் பதினொரு வருடம் வேலை பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை. அத்தை, அப்பாவின் சித்தப்பா மகள். பிஜியின் பூர்வகுடிகளான எங்களில் அண்ணனும் தங்கையும் நேராகப் பேசமாட்டார்கள். தலையைத் தொடுவது நினைத்தே பார்க்க முடியாதது.

எதுவானாலும் கூட வேலை பார்த்த கமல்வதி வழியாகத்தான் போகும்.

"அவர்கிட்ட சொல்லுக்கா, மூணாம் மெஷின் ஒழுகுது."

"ஏன்டி, உங்கண்ணன் காது ரெண்டடி தூரத்துலதான இருக்கு? தூது போறதுக்கு எனக்குத் தனிச் சம்பளமா தர்றாங்க?"

அத்தை சிரித்துக்கொண்டே விரிப்புகளைத் தேய்க்கப் போய்விடுவார். கூச்சம் அதிகம். பாதுகாப்பு வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டபோது, கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

போன மார்ச்சில் ஒரு காலை, அப்பா சலவைக்கான கார ரசாயனப் பீப்பாயை மாற்றும்போது குழாய் பிடுங்கிக்கொண்டது. காரம் இரண்டு கண்களிலும் அடித்தது. கண் கழுவும் குழாயை அழுக்குத்துணி வண்டிகள் மறைத்திருந்தன. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதினார்.

ஒரு கை அவர் பிடரியைப் பற்றி முற்றத்துக்கு இழுத்துப் போனது. மண்டியிட வைத்து, இமைகளைப் பிரித்து, ரப்பர் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சியது.

"விடு! எரியுது! போதும்!"

"பத்தாது. இருபது நிமிஷம். கண்ணைத் தொறங்க! அக்கா, மணி பாரு."

குரலைக் கேட்டுத்தான் அது யார் கை என்று அப்பாவுக்குத் தெரிந்தது. திமிறுவதை நிறுத்திவிட்டார்.

கமல்வதி பால் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பால் வேணாம்க்கா, தண்ணி மட்டுந்தான். நீ போய் வண்டியைக் கூப்பிடு."

வலது கண் முழுதாகத் தப்பியது. இடது கண்ணில் லேசான மங்கல். உடனே கழுவியிருக்காவிட்டால் இரண்டுமே போயிருக்கும் என்றார் மருத்துவர்.

கட்டு அவிழ்த்த வாரம், அத்தை கணவரோடு, மன்னிப்புக் கேட்பவர்கள் கொண்டுபோகும் யங்கோனா வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலருகே தலைகுனிந்து உட்கார்ந்தார். தலையைத் தொட்டதற்கு அவர் சார்பில் கணவர் மன்னிப்புக் கேட்டார். அப்பா மன்னித்ததற்கு அடையாளமாகக் கைதட்டி வேரை வாங்கிக்கொண்டார். வேரை இடித்துக் குடிக்கத் தண்ணீரில் கரைத்ததும் முதல் சிரட்டை அப்பாவிடம் நீண்டது. அவர் தொடவில்லை.

"என் தங்கச்சிக்குக் குடுங்க."

"மச்சான், முதல் சிரட்டை பொம்பளைக்கா? ஊர்ல கேட்டா என்னை அடிச்சுத் துரத்துவாங்க."

"துரத்தட்டும். அதைப் பாக்க எனக்குத்தான் கண்ணு இருக்கே."

அத்தை நிமிராமலே ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். குடித்தவருக்குச் செய்யும் மரியாதையாக நாங்கள் எல்லோரும் மூன்று முறை தட்டினோம்.