பூட்ஸ் போட்டுப் படுத்த மாதங்கள்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதுதான் அந்த வலி வரும். வலது குதிகாலில் ஆணியை மிதித்ததுபோல் சுருக்கென்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவேன். கொஞ்சம் நடந்தால் வலி விட்டுவிடும். கம்பெனி பஸ் ஏறும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி.

துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆரம்பத்தில் உட்கார்ந்துதான் செய்தோம். பிறகு நின்றுகொண்டு செய்தால் வேலை வேகமாக ஓடும் என்று நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். கீழே சிமெண்டுத் தரை. எங்கள் வரிசையில் ஐம்பதைத் தொட்ட பெண்கள் எல்லோருக்கும் ஏதோ ஓரிடத்தில் வலி இருந்தது. ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்கு இடுப்பு. எனக்குக் குதிகால். எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்தால் அந்த மாத அலவன்ஸ் போய்விடும் என்பதால் தைலம் தேய்த்துக்கொண்டும் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டும் காலத்தை ஓட்டினேன். ஒருநாள் பஸ் படியிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே பிசியோ பார்த்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். தூங்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடுமாம். உள்ளங்கால் தசைநார் இரவெல்லாம் சுருங்கிக் கிடந்து, காலையில் நாம் எழுந்து நிற்கும்போது திடீரென்று இழுபடுமாம். அதனால் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துவைக்க ஒரு ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும் என்றாள். “பொறுமை வேணும் ஆன்ட்டி, உடனே தெரியாது” என்று மலாயில் சொன்னாள்.

அது முழங்காலுக்குக் கீழே வரை வரும் கறுப்பு பிளாஸ்டிக் கூடு. விரல்களை மேல்நோக்கித் தூக்கி நிறுத்தும். மூன்று இடத்தில் பட்டை போட்டு இறுக்க வேண்டும். நான் கட்டிலில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

“என்ன இது, பூட்ஸ் போட்டுக்கிட்டா படுக்கப் போற?”

“கால் சரியாவுற வரைக்கும் போடணுமாம்.”

“ம்” என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் பூட்ஸ்.

அதைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க வராது. மல்லாந்தே கிடக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். போர்வை பட்டையில் மாட்டிக்கொள்ளும். தூக்கத்தில் நான் புரண்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் அவர் கைலியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கன்றிப்போன நீலத் தடம்.

“ஒதைக்கிறியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நான் பின்னால ரூம்ல படுத்துக்கிறேன். ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கலாம்.”

பின்னாலிருந்த அறை எங்கள் மகளுடையது. அவள் கல்யாணமாகிக் கோலாலம்பூருக்குப் போய்விட்டதால் சும்மாதான் கிடந்தது. அவர் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போனார். கால் சரியாகும் வரைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கால் மெதுவாகத்தான் சரியானது. முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பட்டையைத் தளர்த்திப் பார்த்தேன், மெல்லிய காலுறைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். படியில் நின்று குதிகாலைத் தாழ்த்தும் பயிற்சியையும் விடாமல் செய்தேன். பிறகு ஆணி முள்ளாகி, முள் வெறும் உளைச்சலானது. ஒருநாள் காலை அடுப்படி வரை நடந்து வந்து கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறேன். அவர் எழுந்து வந்ததும் சொன்னேன்.

“கால் வலியே இல்லங்க இன்னிக்கு.”

“நல்லது” என்றார். “சொன்னபடி கேட்டா சரியாயிரும்.” கோப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்று கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். அவர் பக்கத்தைத் தட்டிச் சமப்படுத்தினேன். அவர் வரவில்லை. பூட்ஸை மூட்டையாகக் கட்டி அலமாரிக்கு மேல் வைத்ததை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுப் பின்னறைக்கே போனார். நாமாகக் கூப்பிடுவதா என்று எனக்கும் ஒரு ரோஷம். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனிதரை வாங்க என்று கூப்பிட வாய் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னறைக்குப் போயின. ஷேவிங் சாமான்களும் போயின. அந்தக் கட்டில் எனக்கு அகலமாகத் தெரிய ஆரம்பித்தது.

தீபாவளிக்கு மகளும் மருமகனும் குழந்தையோடு வந்தார்கள். பையைப் பின்னறையில் வைக்கப்போன மகள் திரும்பி வந்து கேட்டாள்.

“ஏம்மா, அப்பா சட்டையெல்லாம் ஏன் என் அலமாரில இருக்கு?”

“என் பூட்ஸ் அவர ஒதைக்குதுன்னு அங்க படுக்கிறாரு” என்றேன். அதைப் போடாமல் விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மகள் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன்.

அவர்கள் இருந்தவரை அவர் என் பக்கத்தில் படுத்தார். கட்டிலின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி, அசையாமல். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். மகள் கார் தெருமுனையைத் தாண்டியதும் அவர் உள்ளே வந்தார். பின்னறைக் கட்டில் விரிப்பை உருவி மெஷினில் போட்டார். துணி துவைத்தே பழக்கமில்லாத மனிதர், வேறு விரிப்பைத் தேடி எடுத்துத் தானே விரித்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. அவர் திரும்புவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் பேப்பர் விரித்து இருவரும் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை. கையில் வேலை இருந்ததால் கேட்க முடிந்தது.

“என் கால் சரியாயி ரொம்ப நாளாச்சு.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் அங்கயே படுக்கிறீங்க? என் மேல ஏதும் கோபமா?”

“கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல.” தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். “எனக்குத் தூக்கம் வர்றதில்ல.”

“எப்பலேர்ந்து?”

“ஷிஃப்ட் பாத்த காலத்துலேர்ந்து. டே வேலைக்கு மாத்துனா சரியாயிரும்னு நெனச்சேன். ஆவல.”

துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்தில் அவருக்கு வேலை. வாலிபத்திலிருந்து ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறிப் பார்த்தவர். பகலுக்கு மாற்றியே சில வருஷங்கள் ஆகியிருந்தன.

“என்கிட்ட சொல்லவே இல்லயே.”

“நீ இருட்டோட எந்திரிச்சு பஸ் புடிக்கணும். நான் பொரண்டா நீயும் முழிச்சுக்குவ. அதான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன். அங்க போனா லைட்டப் போட்டுக்கலாம், உக்காந்துக்கலாம். நடிக்க வேண்டியதில்ல.” ஒரு நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “நீ ஒதச்சது ஒரு வகையில நல்லதாப் போச்சு.”

என் வீட்டுக்காரர் படுத்தால் மரக்கட்டை, இடி விழுந்தாலும் எழமாட்டார் என்று உறவுக்காரர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்த மரக்கட்டை கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறது. என் குதிகாலைப் பார்க்க ஆள் இருந்தது. காட்டுவதற்கு ஒரு இடம் இருந்தது. தூக்கம் வராததைத் தொட்டுக் காட்ட அவருக்கு ஓரிடமும் இல்லை.

“கிளினிக்ல கேட்டுப் பாக்கலாமே” என்றேன்.

“மாத்திரை குடுப்பாங்க. மாத்திரை போட்டுட்டு தொட்டிக்கு மேல ஏற முடியாது லா” என்று எழுந்து கை கழுவப் போனார்.

கதவையாவது திறந்து வைத்துப் படுங்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். சரி என்றார். சில நாட்கள் திறந்துதான் இருந்தது. அப்புறம் சாத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “லைட் வெளிச்சம் உன் கண்ணுல படுதே” என்றார்.

இப்போதும் சாத்தித்தான் இருக்கிறது. நான் எழுந்து வரும்போது மேசையில் கோப்பி கலந்து மூடி வைத்திருக்கிறார். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை.