ஹெம்செடால் பனிச்சரிவும் மச்சானின் ஜாக்கெட்டுக்குள் இருந்த ரொட்டியும்

டென்மார்க்கின் ஆக உயரமான இடமே 170 மீற்றர்தான். அங்கே பிறந்த எனக்குப் பனிமலைப் பைத்தியம் பிடித்தது வீடியோ பார்த்து மட்டுமே! இரண்டு குளிர்காலம் அப்படியே படித்துவிட்டு, இந்த ஏப்ரல் ஈஸ்டர் லீவுக்கு, அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் மச்சான் சுஜனையும் இழுத்துக்கொண்டு நோர்வேக்குக் கிளம்பினேன்.

நான் இருக்கும் புரொண்பியிலிருந்து நோர்வேயின் பனிமலை ஊரான ஹெம்செடாலுக்குக் காரில் சுமார் 830 கிலோமீற்றர். காலை ஐந்துக்கு வெளிக்கிட்டு மாலை நாலரைக்குச் சேர்ந்தோம். பனிக்குள் புதைந்தவரின் இடத்தைக் காட்டும் பீக்கன், பனி தோண்டும் சவள், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாள் வாடகை 300 நோர்வே குரோனர். தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வசந்தகாலப் பனியை நான் நம்புவதில்லை. இரவில் இறுகும், வெயிலில் இளகும், இளகினால் சரியும். நாங்கள் சேர்ந்த அடுத்த நாளுக்கான பனிச்சரிவு அபாய எச்சரிக்கை ஐந்தில் இரண்டு. மத்தியானத்துக்கு மேல் மூன்று. காலை ஐந்து மணிக்கே ஏறத் திட்டம். மச்சான் எழும்பி, கார் பார்க்குக்கு வர ஏழே முக்கால்.

அவனை முன்னால் நடக்கவிட்டு, என் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். இருபது மீற்றரில் ஒன்றுமில்லை. ஐந்து மீற்றரில் தூரம் காட்டும் இலக்கம் ஒன்று வந்து மறைந்தது.

“டேய், ஓன் பண்ணினியா?”

“ஓமடா, லைட் மின்னுது பார். உன்ரைதான் பழுது.”

கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ? பற்றரி மாற்றியும் அதே கதை. பக்கத்தில் ஸ்கீ மாட்டிக்கொண்டிருந்த நோர்வே அக்கா ஒருவர் தன் கருவியாலும் சோதித்துவிட்டு, “ஜாக்கெட்டுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று அவனைக் கேட்டார்.

சுஜன் ஜிப்பைத் திறந்தான். பீக்கனுக்கு மேலே, அலுமினியத் தாளில் சுற்றிய நாலு ரொட்டி. மாமி கட்டிக் கொடுத்தது. பக்கத்தில் போன் வேறு.

“சூடு ஆறக்கூடாதெண்டுதான்...”

“விசரா! நீ புதைஞ்சா நான் எப்பிடியடா கண்டுபிடிக்கிறது?”

உலோகத் தாளும் போனும் சிக்னலைக் கெடுக்கும். குறைந்தது இருபது சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ரொட்டி முதுகுப்பைக்குப் போனதும் இருபது மீற்றரிலேயே இலக்கம் தெளிவாக விழுந்தது. அக்கா முன்னால் போய்விட்டார்.

நாங்கள் தாண்ட வேண்டிய சரிவின் அடிக்கு வரும்போது 10.20. சாய்வு 33 பாகை. ஸ்கீயைக் கழற்றிக் கால் வைத்துப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் புதைந்தது. பாறையடியிலிருந்து சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தன.

“திரும்புவம்.”

“இவ்வளவு தூரம் வந்திட்டோ? அந்த அக்கா தாண்டிட்டாவே!”

“அவ வெள்ளெனத் தாண்டினவ. அவவின்ரை தடத்தைப் பார், கீறல் மாதிரிக் கிடக்கு. என்ரை கால் எங்க நிக்குது?”

திரும்பினோம். கீழே காட்டுக்குள்ளிருந்து மூன்று மணிவரை அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் சரியவில்லை. “பயந்தாங்கொள்ளி” என்றான் மச்சான். இருக்கலாம்.

மறுநாள் ஐந்துக்குப் புறப்பட்டு, 6.45க்குக் கல்லாய் இறுகிய பனியில், ஒருவர் கடந்து முடித்த பிறகே மற்றவர் என்று தாண்டினோம். அவன் அந்தப் பக்கம் சேரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே நாள் என்றால், எவ்வளவு சந்தேகம் வந்தாலும் ஏறத்தான் மனம் சொல்லும்.