பாதியில் நின்ற சார்ஜ்

ராகலையில் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, ஆள் ஏற்றி ஹயருக்கு ஓட்டிவந்தேன். மாலையில் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்து வீட்டில் செருகினால் சார்ஜ் பாதியிலேயே நின்றுவிடும். கராஜில் வேலை செய்யும் மனைவியின் அண்ணனை அழைத்துக் காட்டினேன்.

"பேட்டரி செத்துப்போச்சு மச்சான். நானே எடுத்துக்கிறேன்," என்றார். இரக்கப்படுகிறார் என்று நம்பி, அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன்.

மறுவாரமே அதே காரில், அதே பேட்டரியோடு, ஆள் ஏற்றினார். கேட்டதற்குச் சிரித்தார்.

"லயம் முழுக்க ஒரே கரண்டு லைன். அந்தியில எல்லாரும் குக்கர் போட்டா கரண்டு எறங்கிடும். அவங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்புறம், பகல்ல போட்டுப் பாத்திருக்கலாமே!"

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா வித்திருப்பீங்களா?"

இப்போது எது பழுதானாலும், வேறோரிடத்தில் செருகிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறேன். போன வாரம் வெந்நீர் வைக்கும் கரண்டுக் கேத்தலைக்கூட டவுனுக்குக் கொண்டுபோய் அப்படித்தான் காப்பாற்றினேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது, என் கார் சத்தமேயில்லாமல் என்னைக் கடந்துபோனது.