‘தீகா’ என்று போனை எடுத்தவள்

பாமா வலது காதுத் தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுவாள். எச்சில் விழுங்கிக்கொள்வாள். கண்களை மூடி, “தீகா” என்பாள். எதிர்முனையில் குரல் கேட்ட பிறகே கண் திறக்கும். குறுகலான வழியில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி இடம் விடுவதுபோல இருக்கும் அது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒன்றரை வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன்.

2004இல் எலக்ட்ரானிக் சிட்டியில், ஸ்பெயின் ஓட்டல் ஒன்றுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலை எங்களுக்கு. நமக்கு மதியம் ஆகும்போது அங்கே அலுவலகங்கள் திறக்கும். மொழி சொல்லிக்கொடுத்தவர் மௌரீன் மேடம்.

“அங்க போன் எடுத்தா ஹலோ கிடையாதும்மா. தீகா. சொல்லுங்கன்னு அர்த்தம்.”

“எங்க வீட்லயும் அதான் மேடம். எடுத்ததும் சொல்லுங்கன்னுதான் சொல்வோம்.”

“அப்ப பாமாக்காவுக்குப் பாதி பாஷை வந்தாச்சு, நாளைக்கே மேனேஜர்” என்றான் கிஷோர். வகுப்பு சிரித்தது.

மௌரீன் பலகையில் எழுதிக்கொண்டே போனார். முன்னால் ‘நோ மே’ சேர்த்தால், அட, அப்படியா என்று வியப்பது. ‘தீகா லோ கே தீகா’ என்றால், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். வெறும் ‘கே’ மட்டும் சேர்த்தால், அவர் சொல்லட்டும். ஒரே வினைச்சொல், கேட்டுக்கொள்ளவும் அலட்சியப்படுத்தவும் வழிவிடவும் உதவியது. “சொல்லட்டும்” என்று பாமா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு விதி. பதில் வராவிட்டால் மூன்று முறை தீகா சொல்லி, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பாமாவுக்கு அதுமட்டும் வரவில்லை. பேச்சில்லாத அழைப்புகளில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

“என்னக்கா, ஸ்பெயின்ல லவ்வரா? மூச்ச கேட்டுட்டே இருக்கீங்க” என்பான் கிஷோர்.

காரணத்தை ஆபீஸ் வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னாள். இருவருக்கும் வீடு பொம்மனஹள்ளியில். அண்ணன் நாகேஷ் சாதி விட்டு மகாவைக் கட்டிக்கொண்டபோது, அப்பா முனிகிருஷ்ணன் தெருவில் வைத்தே அவனை அறைந்தார். “இனிமே உன் சத்தம் இந்த வீட்ல கேக்கக் கூடாது” என்றார். போனவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து வீட்டு போனுக்குப் பேச்சில்லாத அழைப்புகள் வரத் தொடங்கின.

“அண்ணன்தான். எனக்குத் தெரியும். நான் எடுத்தா வைக்க மாட்டேன். சொல்லுண்ணா, சொல்லுண்ணான்னுட்டே இருப்பேன். அப்பாதான் கத்துவாரு. எவனோ வேலையத்தவன், வை போனன்னு.”

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுக்கொண்டிருந்தது. கண் மூடுவதற்குள் அண்ணன் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. பேசாத ஸ்பெயின்காரனைத் துண்டிக்கவும் அதனாலேயே கை வரவில்லை.

ஆனால் மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றார். அம்மாவின் கார்மென்ட்ஸ் சம்பளம் அப்பாவின் மருந்துக்கே போதாது. பாமா பழகிக்கொண்டாள். மூன்றாவது தீகா முடியும்போது விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. அந்த மாதம் அவளைப் பாராட்டிக் கைகூடத் தட்டினார்கள்.

ஒரு ஞாயிறு மதியம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஆறு நாள் வேலை செய்த அசதியில் கூடத்திலேயே தூங்கிப்போன பாமாவை போன் மணி எழுப்பியது.

“தீகா.”

பதில் இல்லை.

“தீகா. தீகா.”

ரிசீவரை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததாம்.

“மூச்சு கேட்டுச்சு. கேட்டுட்டேதான் வெச்சேன்” என்றாள் மறுநாள் வண்டியில். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த அழைப்பு வரவே இல்லை. விடுமுறை நாட்களில் பாமா போன் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள். மணி அடித்தால் தமிழில் “அண்ணா” என்றுதான் எடுத்தாள். கேஸ் கம்பெனிக்காரன்கூட ஒருமுறை அண்ணனானான். தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பா இறந்தார். யார் மூலமோ கேள்விப்பட்டு நாகேஷ் வந்தபோது மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாமா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

மறு வருஷம் ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்தில், சாவு வீட்டில் அறிமுகமான நாகேஷைப் பார்த்தேன். அங்கேயே ஒரு ஃபாக்டரியில் வேலையாம், வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து. எங்கள் ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கடைசி போனைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது, அவனே பேசினான்.

“அன்னிக்குப் பேசிடலாம்னுதான் போன் பண்ணேன் குரு. பொண்ணு பொறந்திருந்துச்சு. யாரோ புரியாத பாஷைல பேசினாங்க. வீட்டக் காலி பண்ணிட்டாங்க, நம்பர் வேற யாருக்கோ போயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“நேர்ல வந்து பாத்திருக்கலாமே?”

“சத்தமே கேக்கக் கூடாதுன்னவருகிட்ட மூஞ்சியக் காட்ட முடியுமா?”

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டு சொன்னான்:

“ஞாயித்துக்கெழமதான் பாமா எடுக்கும். மத்த நாள் மதியம் வீட்ல அப்பா மட்டும்தான். ஒருதரம்கூட அவரா வெச்சதில்ல குரு. ஒண்ணும் பேச மாட்டாரு. இருமுவாரு. ஒத்த ரூபா போன்ல காசு தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே இருப்போம்.”